சாயம் குடித்த பனை

என் வீட்டுக்காரர் சாயப் பட்டறை வைத்திருந்தார். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுப் புழக்கடைதான் பட்டறை. ஒரு பெரிய செப்பு அண்டா, அதற்கு அடியில் அடுப்பு, நூலை அலச ஒரு கல்தொட்டி, காயப்போட வரிசையாக மூங்கில்கள். தறிக்காரர்கள் வெள்ளைப் பட்டு நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அரக்கோ மயில்கழுத்தோ மாம்பழ மஞ்சளோ, கேட்ட நிறத்தில் அது திரும்பிப் போகும். எங்கள் சோறு அந்த அண்டாவில்தான் வெந்தது என்று சொன்னால் மிகையில்லை.

அதே புழக்கடையின் மறுகோடி என்னுடையது. அங்கே மண்ணெண்ணெய் டின்களிலும் ஓட்டைக் குடங்களிலும் நான் பனை வளர்த்தேன். ஒரு வருஷம், எழுபதுகளின் தொடக்கத்தில், என் பனை ஒன்று அவருடைய அண்டாவைக் கவிழ்க்கப் பார்த்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது சிரிப்பு வரவில்லை, சோறும் இறங்கவில்லை.

பனை வளர்த்தேன் என்றால் நுங்கு காய்க்கும் பனை மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். தென்னை, கமுகு, ஈச்சை, கூந்தல் பனை எல்லாம் ஒரே குடும்பம்தான். கிளை விடாமல், நடுவில் ஒரே ஒரு குருத்தை வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல் ஒவ்வோர் ஓலையாக விடுகிற குடும்பம். எங்கே போனாலும் கீழே விழுந்த பனங்கொட்டைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வேன். கோயிலுக்குப் போய்விட்டு வருகிற மற்றப் பெண்கள் முந்தானையில் குங்குமம் இருக்கும், என் முந்தானையில் ஈச்சங்கொட்டை இருக்கும். எது எந்த மரத்துக் கொட்டை என்று தெரியாமல் போட்டு, முளைத்து வந்த பிறகு இது யார் என்று கண்டுபிடிப்பதில்தான் எனக்கு சுகம். முதல் இலை இரண்டாகப் பிளந்து வந்தால் கமுகு. புல் போல ஒடுங்கி வந்தால் ஈச்சை. ஓரம் கிழிந்த மாதிரி, மீன் வால் மாதிரி வந்தால் கூந்தல் பனை. அதைத் தெரிந்துகொள்ள ஆறு மாதமோ ஒரு வருஷமோ காத்திருக்க வேண்டும். நான் மற்ற எதற்கும் காத்திருக்க மாட்டாதவள். பால் பொங்குகிற வரை அடுப்படியில் நிற்கப் பொறுமை கிடையாது. பனைக்கு மட்டும் எங்கிருந்தோ பொறுமை வந்தது.

என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. நூல் கொண்டுவருபவர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"மத்தவன் பொண்டாட்டி மல்லி வைக்குது, கனகாம்பரம் வைக்குது. தலைல வச்சிக்கலாம். என் பொண்டாட்டி வைக்கிறத ஏணி போட்டு ஏறித்தான் பாக்கணும்பா."

"ஏறுங்களேன். இடுப்பாவது கொஞ்சம் கரையும்" என்பேன் நான்.

பட்டணத்தில் என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஆற்றோரம் இருந்த ஒரு பழைய பெரிய தோட்டத்தைப் பார்க்க அழைத்துப் போனார்கள். எல்லோரும் ஆலமரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு விசிறி ஓலைப் பனையின் அடியில் பழுப்பேறிய பழம் ஒன்று கிடந்தது. பனம்பழம் மாதிரியே, ஆனால் எலுமிச்சையை விடக் கொஞ்சம்தான் பெரிது. வீட்டுக்கு வந்து உரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று கொட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் யாரோ உளி வைத்துச் செதுக்கிய மாதிரி மேடும் பள்ளமுமாகக் கோலம். அப்படி ஒரு கொட்டையை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

மூன்றையும் பாலாற்று மணலில் புதைத்தேன். ஒன்று அழுகிவிட்டது, இரண்டு முளைத்தன. இரண்டும் பச்சைப் பசேலென்று ஒரே மாதிரி நாக்கு நீட்டின. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவள் ஒருத்தி திருப்பருத்திக்குன்றத்தில் இருந்தாள். ஜைனக் குடும்பம், வயலும் மாடும் உள்ளவர்கள். அவள் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு கன்றைக் கொடுத்தனுப்பினேன். மற்றது என்னிடமே இருந்தது, வேப்பமர நிழலில், டின்னில்.

இரண்டு வருஷத்தில் என் கன்றின் வேர் டின்னின் அடியைப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தரையில் வைத்தே ஆக வேண்டும். புழக்கடையில் நல்ல வெயில் விழுகிற இடம் ஒன்றுதான் மிச்சம். சாயக் குழிக்குப் பக்கத்தில், மதிலோரம். சாயக் குழி என்பது அண்டாவில் மிஞ்சுகிற தண்ணீரையும் நூல் அலசின தண்ணீரையும் கொட்டுகிற குழி. மாமனார் காலத்தில் சுண்ணாம்பு அரைத்துப் பூசியது. மதிலுக்கு அந்தப் பக்கம் பொதுக் கிணறு. எங்களுக்கும் எங்களை ஒட்டியிருந்த சில வீடுகளுக்கும் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தண்ணீர்தான். இதையெல்லாம் நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. வெயில் இருக்கிறது என்று வைத்தேன், அவ்வளவுதான்.

வெயிலில் வைத்த பிறகு வந்த முதல் ஓலை ஆடி மாதத்தில் விரிந்தது. காலையில் வாசல் தெளித்துவிட்டுப் பின்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். விசிறி விசிறியாக விரிந்த ஓலையில் காம்பு சிவப்பு, ஓரம் சிவப்பு, ஒவ்வொரு நரம்பும் சிவப்பு. அதற்கு முன்னால் வந்த ஓலைகளெல்லாம் பச்சை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரைக் கூப்பிட்டேன்.

"என்னாங்க, இங்க வந்து பாருங்களேன்! என் பனையப் பாருங்க!"

கையெல்லாம் அரக்குச் சாயத்தோடு வந்தார். ஆவணி முகூர்த்தங்களுக்காக அந்த மாதம் முழுக்க அண்டாவில் அரக்குதான் ஓடியது. ஓலையைப் பார்த்தார். கையைப் பார்த்தார். பிறகு சாயக் குழியையும், அதற்குப் பின்னால் மதிலையும், மதிலுக்கு மேலே தெரிந்த கிணற்று ராட்டினத்தையும் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது.

"குழி கசியுதும்மா" என்றார். "வேரு குடிச்சிருக்குது. வேரு குடிச்சிருந்தா கிணறும் குடிச்சிருக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் இரண்டு குழந்தைகளும் காலையில் எழுந்து வாயைக் கொப்பளிப்பது முதல் படுக்கும் முன் குடிப்பது வரை அந்தத் தண்ணீர்.

நாங்கள் யாரிடமும் சொல்வதற்கு முன்பே மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தவள். தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். வீட்டில் இரண்டு தறி. நாக்கில் நல்ல சரக்கு உள்ளவள், என்னைச் சீண்டாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது.

"அம்மோ! இன்னாம்மா, உன் பனை அரக்குப் புடவை கட்டிக்கினு நிக்குது? அதுக்கும் ஆவணில கல்யாணமா?"

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். நாங்கள் சிரிக்கவில்லை. அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள். கையிலிருந்த கயிற்றை மெல்ல விட்டாள். வாளி உள்ளே போய் விழுந்த சத்தம் கேட்டது.

அவளுடைய ஒரே மகள் தலைப் பிரசவத்துக்கு வரவேண்டிய நேரம் அது. அக்காவின் கோபத்தை நான் ஒருநாளும் தப்புச் சொன்னதில்லை. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் மதிலை ஏறிக் குதித்து வந்திருப்பேன்.

மதியத்துக்குள் எங்கள் புழக்கடையில் தெருவே கூடிவிட்டது. வேறு ஊராக இருந்தால் செடிக்கு நோய் என்பார்கள், மருந்து அடிக்கச் சொல்வார்கள், யாராவது படித்தவரைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். காஞ்சிபுரத்துப் பட்டுக்காரர்களுக்கு எதைப் பார்த்தாலும் நூலாகத்தான் தெரியும். தோய்த்த நூலில் சாயம் நிற்கிறதா என்று பார்க்க ஓர் இழையை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். சாயம் இறங்கினால் தண்ணீரில் தெரிந்துவிடும். அதையே என் பனைக்கும் செய்தார்கள். ஓலையின் ஓரத்தில் ஒரு நறுக்குக் கிழித்து, வெள்ளைக் கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி, அதில் போட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரரும் உட்கார்ந்தார். எனக்கும் அது தப்பான சோதனை என்று அப்போது தோன்றவில்லை. நானும் அந்த ஊர்தானே.

தண்ணீர் மெல்லச் சிவந்தது. லேசான சிவப்புதான், ஆனால் சிவப்பு.

"சாயம் எறங்குது பாரு" என்றாள் அக்கா.

என் வீட்டுக்காரர் எழுந்து போய் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். "சந்தேகம் தீர்ற வரைக்கும் இந்த அடுப்பு எரியாது" என்றார். ஆடியில் அண்டா நின்றால் ஆவணி வேலை அத்தனையும் வேறு பட்டறைக்குப் போய்விடும். போன வேலை மறுபடி எங்களிடம் வருமா என்பது அடுத்த கேள்வி. தண்ணீரைக் கெடுத்த பட்டறை என்று பெயர் வந்துவிட்டால் அந்தத் தெருவில் அண்டாவை மறுபடி ஏற்றவே முடியாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அணைத்தார். அவர் மேல் எனக்கு ஆயிரம் குறை உண்டு, ஆனால் அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது.

அவரும் சும்மா இருக்கவில்லை. கிணற்றிலிருந்து ஒரு வாளி சேந்திச் சூடாக்கி, ஒரு வெள்ளைப் பட்டுச் சிட்டத்தை அதில் ஊறப்போட்டார். தண்ணீரில் துளி சாயம் இருந்தாலும் பட்டு அதை இழுத்துக்கொள்ளும். வெள்ளையாகப் போன பட்டு வெள்ளையாகவே வந்தது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"பட்டு பொய் சொல்லாதுபா, ஒத்துக்கிறேன்" என்றாள் அவள். "இன்னைக்கு இல்லாதது நாளைக்கு வரும்ல? ஓலை எப்படிச் செவந்துது, அதச் சொல்லு. அதச் சொல்லிட்டா நான் இந்தத் தண்ணியக் குடிக்கிறேன்."

அந்தச் சனியன் பிடித்த செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பேசாமல் தொழிலைப் பாருங்கள் என்று எங்கள் பக்கத்து ஆட்களே சிலர் சொன்னார்கள். நான் பயந்துகொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மரத்தப் புடுங்கிட்டா கிணறு சரியாப் பூடுமா?" என்று கேட்டு அவர் அந்தப் பேச்சை முடித்துவிட்டார். ஏணி போட்டு ஏற வேண்டியது என்று கிண்டல் செய்த அதே வாய்.

அன்றிலிருந்து தெருவே இரண்டு தெரு தள்ளி இருந்த கிணற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தது. நானும் போனேன். இடுப்பில் குடத்தோடு வரும்போது யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை, யாரும் பேசவும் இல்லை. அக்கா எனக்கு முன்னால் போவாள். திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் திட்டியிருந்தால் கூடத் தேவலை. சீண்டாத அக்காவை எனக்குத் தாங்கவே முடியவில்லை.

அப்படி ஒருநாள் தண்ணீர் கொண்டுவந்து இறக்கும்போது வேப்பமரத்தடியில் கிடந்த அந்தப் பழைய டின் கண்ணில் பட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று கொட்டை. ஒன்று அழுகியது, ஒன்று இங்கே, இன்னொன்று திருப்பருத்திக்குன்றத்தில்! ஒரே பழத்துக் கொட்டைகள். அங்கே சாயமும் கிடையாது, அண்டாவும் கிடையாது. அந்தக் கன்றும் சிவந்திருந்தால் சிவப்பு மரத்தினுடையது. அது பச்சையாக இருந்தால் சிவப்பு எங்களுடையது.

குடத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பச்சையா இருந்துதுன்னா?"

"இருந்தா இருக்கட்டும். நம்ம புள்ளைங்க குடிக்கிற தண்ணி. தெரிஞ்சாவணும்."

அக்காவையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். நாங்கள் மட்டும் பார்த்துவிட்டு வந்து சொன்னால் யார் நம்புவார்கள்? அக்கா முதலில் முறுக்கிக்கொண்டாள், பிறகு தலையை முடிந்துகொண்டு வந்து ஜட்கா வண்டியில் ஏறினாள். மூவரும் திருப்பருத்திக்குன்றத்துக்குக் கிளம்பினோம்.

என் தோழி எங்களை வாசலிலேயே பார்த்துவிட்டுச் சிரித்தபடி வந்தாள். பனை எங்கே என்று நான் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"ஏண்டி, அதுக்குள்ள யாரு சொன்னா உனக்கு? கன்னுக்குட்டி அவுத்துக்கினு போயி தின்னுட்டுதுடி."

மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தோம். ஓலை ஒன்றுகூட இல்லை, அடியோடு மேய்ந்திருந்தது. கடிபட்ட இடங்களில் அவள் சாணியை அப்பி வைத்திருந்தாள். நடுவில் மட்டும் ஒரே ஒரு குருத்து, ஈட்டி மாதிரி இறுக மூடிக்கொண்டு நின்றது. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அந்தக் கன்றுக்குட்டி ஒன்றும் அறியாத முகத்தோடு என்னைப் பார்த்து அசைபோட்டது.

"முன்ன இன்னா கலரு இருந்துதும்மா ஓலை?" என்று அக்கா கேட்டாள்.

"கொட்டகை நெழல்ல இருந்துது, பச்சையாத்தான் இருந்தாப்பல... ஓரத்துல ஏதோ செவந்த மாதிரி. கருகினதுன்னு நெனச்சேன். சரியாச் சொல்லத் தெரியலக்கா."

"சிநேகிதிக்காகச் சொல்றியோ இன்னாவோ" என்றாள் அக்கா. குனிந்து குருத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இதப் பிரிச்சிப் பாத்தாத் தெரிஞ்சிடும். உள்ள ஓலை மடிஞ்சிதானே இருக்குது? கத்தி கொண்டாம்மா."

என் வீட்டுக்காரரும், "ஆமா, பிரிச்சிப் பாத்துடலாம், இன்னைக்கே முடிஞ்சிடும்" என்றார்.

நான் குறுக்கே போய் நின்றேன். பனைக்கு உயிர் இருப்பது அந்த ஒரே குருத்தில்தான். அதை அறுத்தால் மரம் போய்விடும். அதைவிட முக்கியமாக, எந்தப் பனைக் குருத்தையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத்தான் இருக்கும். பச்சை ஓலைக்கும் அப்படித்தான், சிவப்பு ஓலைக்கும் அப்படித்தான் இருந்தாக வேண்டும். வெளியே வந்து வெயில் பட்ட பிறகுதான் நிறம் ஏறும். அன்றைக்கு அதைக் கிழித்திருந்தால், சிவப்பு இல்லை என்று எங்கள் மேல் பழி எழுதி முத்திரையும் குத்தியிருப்பார்கள்.

"நாளக் கடத்தப் பாக்கற நீ" என்றாள் அக்கா.

"கடத்தலக்கா. தானா விரியட்டும். நீங்களே வந்து பாருங்க, நான் தனியா வரவே மாட்டேன்."

என் தோழி நடுவில் வந்தாள். "எங்க வீட்ல உயிரோட இருக்கறதப் பிரிச்செல்லாம் பாக்க மாட்டோம்கா. கன்னுக்குட்டியக் கட்டி வைக்கிறேன், முள்ளு போட்டு அடைக்கிறேன். கொட்டகைக் கூரையத் தள்ளிக் கட்டிட்டோம், இப்ப நல்ல வெயில் வருது. சீக்கிரம் விரிஞ்சிடும்." சொல்லிக்கொண்டே எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர்கள் வீட்டில் கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள், அது அவர்கள் மதத்தில் வழக்கம். அக்கா அந்தத் துணியைக் கையில் வாங்கி, புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

அப்புறம் காத்திருப்பு. பனை ஓலை நம் வசதிக்கு விரியாது. குருத்து விரல் நீளம் ஏறும், அப்படியே நின்றுவிடும், மறுபடி ஏறும். வாரத்துக்கு ஒருதரம் நானும் அக்காவும் திருப்பருத்திக்குன்றம் போனோம். முதல் தரம் வண்டியில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அடுத்த தரம் தன் மகளுக்குக் கால் வீக்கம் என்று அக்கா சொன்னாள். அதற்கடுத்த தரம், அக்கா வடிகட்டின தண்ணீரில் மிச்சத்தைப் பனைக்கு ஊற்றுவதைப் பார்த்தேன்.

"என்னாக்கா, கட்சி மாறிட்டீங்களா?" என்றேன்.

"தாகமாக்கீதோ இன்னாவோ. அது இன்னா பண்ணும் பாவம்" என்றாள். பல நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசின நல்ல வார்த்தை அது.

வீட்டில் நிலைமை நன்றாக இல்லை. அண்டா குப்புறக் கிடந்தது. தறிக்காரர்கள் வந்து கொடுத்த நூலைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள், மரியாதையாகத்தான், கண்ணைப் பார்க்காமல். அவர் கையில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து நகக்கண்கள் வெள்ளையானதை நான் கல்யாணமாகி அப்போதுதான் பார்த்தேன். அந்தக் கையைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஆவணி பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை போனோம். வாசலில் தோழி இல்லை. நேரே கொட்டகைப் பக்கம் நடந்தோம். நான் பாதியில் நின்றுவிட்டேன். அக்காதான் முன்னால் போனாள். முள்ளை விலக்கினாள். குனிந்தாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

வெகு நேரம் அவள் நிமிரவே இல்லை. நான் மெல்ல எட்டிப் பார்த்தேன். அக்கா விரலை நாக்கில் நனைத்து ஓலையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் முந்தானையை எச்சிலில் ஈரமாக்கி, காம்பை அழுத்தித் தேய்த்தாள். முந்தானையைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை.

ஓலை பாதிதான் விரிந்திருந்தது. காம்பு சிவப்பு, ஓரம் சிவப்பு, நரம்பெல்லாம் சிவப்பு. சுற்றிலும் பார்த்தால் மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர், அதற்கப்பால் வேர்க்கடலை வயல். கண்ணுக்கு எட்டிய வரை சாய அண்டா கிடையாது.

அக்கா தொப்பென்று மண்ணிலேயே உட்கார்ந்தாள். "அம்மோ" என்றாள். "தாயி வயித்துலயே செவப்பா இது! நம்ம சாயம் இல்லம்மா. நம்ம சாயம் இல்ல."

உங்கள் சாயம் என்று சொல்லவில்லை, நம்ம சாயம் என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பிழைப்பு மீண்டதற்காக அழுதேனா, என் குழந்தைகள் விஷம் குடிக்கவில்லை என்று அழுதேனா, இவள் என்னோடு பேசிவிட்டாள் என்று அழுதேனா, எனக்கே தெரியாது. மார்பில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். சத்தம் கேட்டு ஓடிவந்த தோழி, மறுபடியும் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டுவிட்டது என்று நினைத்துத் தலையில் கை வைத்தாள். அதைப் பார்த்து அக்கா சிரித்தாள், அழுதுகொண்டே நானும் சிரித்தேன்.

ஊர் திரும்பியதும் அக்கா தன் வீட்டுக்குள் போகவில்லை. நேரே பொதுக் கிணற்றுக்குப் போய் ஒரு வாளி சேந்தி, தெருவே பார்க்கக் கையில் ஏந்திக் குடித்தாள். "குடிம்மா" என்று என் கையிலும் ஊற்றினாள். அந்தத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும், எப்போதும் அப்படித்தான். அன்றைக்கு நான் வயிறு முட்டக் குடித்தேன்.

என் வீட்டுக்காரர் மறுநாளே அடுப்பை மூட்டவில்லை. முதலில் சாயக் குழியைக் காயவைத்துச் சுரண்டி, அடியிலிருந்து விளிம்பு வரை சிமெண்ட் பூசினார். "இந்தத் தபா பயம் பொய்யாப் போச்சு. பயந்தது நெஜம்தானே" என்றார். அது காய்ந்த பிறகுதான் அண்டா ஏறியது. ஆவணியில் பாதி வேலை போய்விட்டது, ஆனால் ஆட்கள் திரும்பி வந்தார்கள். முதல் சிட்டம் கொண்டுவந்து போட்டது அக்கா வீட்டுக்காரர்.

அந்தப் பனை எது என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பட்டணத்தில் ஒரு நூலகத்தில், பனைகளைப் பற்றிய ஒரு தடிப் புத்தகத்தில் அந்தக் கொட்டையின் படம் இருந்தது, மேடும் பள்ளமுமாக அதே கோலத்தோடு. லட்டேனியா என்று பெயர். கடல் கடந்த ஏதோ தீவுகளிலிருந்து வந்ததாம். இளசில் வெயில் பட்டால் சிவந்திருக்கும், வளர வளரச் சிவப்பு போய்ப் பச்சையும் சாம்பலுமாக ஆகிவிடும் என்று போட்டிருந்தது. அதற்குள் என் மரமும் அப்படித்தான் ஆகியிருந்தது. சிவப்புத் தண்டுக்கீரை வேகிற தண்ணீர் சிவக்கிற மாதிரிதான் அன்றைக்குக் கிண்ணத்துத் தண்ணீரும் சிவந்திருக்கிறது. "அவ்ளோ சண்டையும் போட்டு, கடைசில கலரு நிக்கலயேம்மா" என்று அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி என்னைச் சீண்டுவாள். சீண்டட்டும், எனக்கு அதுதான் வேண்டும்.

ஆனால் அந்த வருஷத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது சிவப்பு ஓலை இல்லை. நாங்கள் திருப்பருத்திக்குன்றத்திலிருந்து திரும்பி வந்து கொஞ்ச நாளில் அக்கா மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து முதல் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட வேண்டும். நான் புழக்கடையில் பனைக்கு எரு போட்டுக்கொண்டிருந்தேன். மதிலுக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது.

"ஏம்மா, கைய கழுவிட்டு இப்டி வா. கொழந்தைக்குத் தண்ணி வேணும்."

"நீங்க சேந்திக்கிட்டிருக்கீங்களேக்கா" என்றேன்.

அவள் கிணற்றுக் கயிற்றை மதிலுக்கு மேலாக என் பக்கம் நீட்டினாள்.

"இல்ல. நீ சேந்திக் குடு."